லிப்பீஸ் பரங்கிக்காய் டின்: இனிப்புக்கு எப்படி, காரத்துக்கு எப்படி?

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் லிப்பீஸ் நிறுவனத்தின் பரங்கிக்காய் டின் நவம்பர் மாதத்தில், தேங்க்ஸ்கிவிங் என்னும் நன்றி நவிலல் நாள் விருந்துக்குப் பம்ப்கின் பை (மாவு ஓட்டில் பரங்கிக்காய்ப் பூரணம் நிரப்பிச் சுடும் இனிப்பு) செய்வதற்காகவே வாங்கப்படுகிறது. விருந்து முடிந்ததும் மிஞ்சிய டின்கள் அலமாரியின் பின்வரிசைக்குப் போய்விடுகின்றன. என் சமையலறையில் அது ஆண்டு முழுவதும் புழங்கும் பண்டம். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: காய் கரைந்து கலக்க வேண்டிய பதார்த்தங்களுக்கு இந்த டின் மிக நல்ல சரக்கு, காய் துண்டாக நின்று பல்லில் கடிபட வேண்டிய பதார்த்தங்களுக்கு இது உதவவே உதவாது. இந்த வேறுபாட்டைக் கவனித்து வாங்குபவர்களுக்கு, இனிப்பாயினும் காரமாயினும், இது ஏமாற்றம் தராது.

டின்னில் இருப்பது வேகவைத்து மசித்த பரங்கிக்காய் விழுது மட்டுமே. உப்பு இல்லை, சர்க்கரை இல்லை, பதப்படுத்தும் மருந்தும் இல்லை. அரை கப் விழுதில் ஏறக்குறைய நாற்பது கலோரிதான் இருக்கிறது. ஆனால் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய வைட்டமின் ஏ முழுவதும் அந்த அரை கப்பிலேயே கிடைத்துவிடுகிறது. வாங்கும்போது ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். அதே அலமாரியில், அதே சாயலில், பம்ப்கின் பை செய்வதற்கென்றே சர்க்கரையும் பட்டை, கிராம்பு முதலியவையும் கலந்த இன்னொரு டின்னும் விற்கப்படுகிறது. அதைக் கொண்டு சூப்போ பச்சடியோ செய்ய முடியாது. டின்னின் முன்பக்கப் படத்தை நம்பாமல், பின்பக்கத்தில் உள்ள சேர்மானப் பட்டியலில் பரங்கிக்காய் என்ற ஒரு பெயர் மட்டும் இருக்கிறதா என்று பார்த்து எடுக்க வேண்டும்.

ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும், டின்னில் இருப்பது உண்மையான பரங்கிக்காயே அல்ல என்ற பேச்சு எழுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்பது தெளிவு: ஹாலோவீன் பண்டிகைக்கு முகம் செதுக்கி வாசலில் வைக்கிறார்களே, அந்த உருண்டையான ஆரஞ்சு நிறக் காய் இதில் இல்லை. லிப்பீஸ் பயன்படுத்துவது டிக்கின்சன் என்ற வகை. தோல் வெளிறிய பழுப்பு நிறம், வடிவம் சற்று நீள்வட்டம், சதை கெட்டியாகவும் நல்ல மஞ்சளாகவும் இருக்கும். தாவரவியலில் இது குக்குர்பிட்டா மோஸ்கேட்டா என்னும் இனம். அமெரிக்கக் கடைகளில் ஆண்டு முழுவதும் கிடைக்கும் பட்டர்நட் என்ற காயும் அந்த இனந்தான். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1, கோ 2 ஆகிய பரங்கி ரகங்களும் அந்த இனந்தான். செதுக்குவதற்கு விற்கும் காய் குக்குர்பிட்டா பெப்போ என்ற வேறோர் இனம். நாரும் நீரும் மிகுந்தது, சமைத்தால் ருசி போதாது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் கெட்டித் தோலும் மஞ்சள் சதையும் இனிப்பும் உடைய காய்களைப் பரங்கிக்காய் என்ற பெயரிலேயே டின்னில் அடைக்க நெடுங்காலமாக இசைவு தந்திருக்கிறது. ஆகவே, நம் நாக்குக்குப் பழகிய சுவைக்கு வாசலில் வைக்கும் காயைவிட இந்த டின்னே பல மடங்கு நெருக்கமானது.

இந்த டின்னின் பிறப்பிடம் இல்லினாய் மாநிலத்தின் மார்ட்டன் என்ற சிற்றூர். அங்கிருந்த ஆலையை லிப்பீஸ் 1929ஆம் ஆண்டு வாங்கியது. இப்போது அது நெஸ்லே நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. உலகில் டின்னில் அடைக்கப்படும் பரங்கிக்காயின் பெரும்பகுதி அந்த ஒரே வட்டாரத்திலிருந்து வருவதால், அங்கே மழை பிசகினால் நாடு முழுவதும் கடை அலமாரிகள் காலியாகின்றன. 2009ஆம் ஆண்டிலும் 2015ஆம் ஆண்டிலும் பெய்த பெருமழையில் அப்படித்தான் தட்டுப்பாடு வந்தது.

இனி சமையலுக்கு வருவோம். டின்னைத் திறந்து கவிழ்த்தால், உட்சுவரின் வரிகள் பதிந்த உருளையாக விழுது அப்படியே சரிந்து இறங்கும். அந்த நிலையில் ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்தால் பலருக்கும் பிடிக்காது. லேசான உலோக வாடையும், காய் அதிகமாக வெந்துபோன ஒரு மந்தமான மணமும் இருக்கும். இது எந்த நிறுவனத்தின் டின்னுக்கும் உரியதுதான். பரங்கிக்காயில் புளிப்பு இல்லை என்பதால், மூடிய டின்னை அழுத்தத்தில் உயர்ந்த வெப்பத்தில் நெடுநேரம் வைத்தால்தான் கிருமி சாகும். அத்தனை நேரம் வெந்த காயில் புதுக்காயின் வாசனை எஞ்சாது. அதோடு, பார்வைக்குக் கெட்டியாகத் தெரிந்தாலும் விழுதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். இந்த இரண்டு குறைகளுக்கும் மருந்து ஒன்றே: எதில் சேர்ப்பதானாலும் முதலில் அடிகனமான வாணலியில் போட்டு வதக்கிவிட வேண்டும்.

மிதமான தீயில் ஒரு தேக்கரண்டி நெய்யோ எண்ணெயோ விட்டு, 15 அவுன்ஸ் டின் ஒன்றின் விழுதைப் பரப்பிக் கிளறினால், முதலில் ஆவி பறந்து, சேற்றுக் குழம்பு கொதிப்பதுபோல் அங்கங்கே வெடித்துத் தெறிக்கும். கையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்தாறு நிமிடத்தில் தெறிப்பு அடங்கும். பத்து நிமிடம் ஆகும்போது, வெளிறிய ஆரஞ்சு நிறம் செங்கல் நிறத்துக்கு மாறும். கரண்டியால் நடுவே ஒரு கோடு இழுத்தால் வாணலியின் அடி தெரிந்து, அந்தக் கோடு மூடிக்கொள்ளாமல் நிற்கும். உலோக வாடை போய், சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மணம் எழும். அந்தப் பதத்தில் இறக்கிய விழுதுதான் நல்ல சரக்கு. டின் பரங்கிக்காய் ருசியாக இல்லை என்று குறைப்படுபவர்கள் இந்தப் பத்து நிமிடத்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

கார வகையில் நான் முதலிடம் தருவது பச்சடிக்கு. வதக்கிய விழுது முக்கால் கப், தேங்காய், பச்சை மிளகாய், சீரகம் சேர்த்து அரைத்தது இரண்டு மேசைக்கரண்டி, உப்பு ஆகியவற்றைச் சேர்த்து ஒரு கொதி விட்டு, ஆறியபின் கெட்டித் தயிர் கலந்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்தால், வீட்டில் காய் வேகவைத்து மசித்துச் செய்ததற்கு ஒரு மாற்றுக்கூடக் குறையாது. விழுதில் இயல்பாகவே உள்ள இனிப்புக்குத் தயிரின் புளிப்பும் பச்சை மிளகாயின் காரமும் சரியான ஈடு.

அடுத்தது சப்பாத்தி. இரண்டு கப் கோதுமை மாவுக்கு முக்கால் கப் விழுது போதும். அந்த விழுதிலேயே மாவு பிசைவதற்கு வேண்டிய தண்ணீர் அநேகமாக முழுவதும் இருக்கிறது. இங்கே மட்டும் விழுதை வற்ற வதக்காமல், வாடை போகும் அளவுக்குச் சூடாக்கினால் போதுமானது. ஓமம், மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு சேர்த்து முதலில் தண்ணீரே விடாமல் பிசைந்து, மாவு வறண்டு நின்றால் மட்டும் கை நனைத்துக்கொள்ள வேண்டும். சுட்ட சப்பாத்தி நல்ல மஞ்சளாக, மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குக் கட்டிக்கொடுத்தாலும் விறைக்காமல் இருக்கும். காய் என்றாலே தட்டை ஒதுக்கும் குழந்தைகளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

சூப்புக்கு வெங்காயமும் பூண்டும் வதங்கிய எண்ணெயிலேயே விழுதையும் வதக்கி, மூன்று கப் காய்கறிச் சாறு விட்டுக் கொதிக்கவைத்து, தேங்காய்ப் பாலும் மிளகும் சேர்த்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அரைக்க வேண்டிய வேலையே இல்லை. அமெரிக்கர்கள் பீன்ஸும் தக்காளியும் போட்டுச் செய்யும் சில்லி என்ற காரக் குழம்பில் அரை டின் விழுது கலந்தால், பரங்கிக்காய் இருப்பதே தெரியாமல் குழம்புக்குக் கெட்டியும் உருண்டு திரண்ட சுவையும் கிடைக்கிறது. வெண்ணெயைப் பழுப்பாகும் வரை காய்ச்சி, அதில் சேஜ் என்ற வாசனை இலையைப் பொரித்து, விழுதும் பாஸ்தா வெந்த தண்ணீரும் கலந்து செய்யும் பாஸ்தாவும் நன்றாக வரும். ஆனால் ரவியோலி என்னும் மூடிய பாஸ்தாத் துண்டுகளுக்குள் வைக்கும் பூரணமாக வேண்டுமானால் வதக்கினால் மட்டும் போதாது. காகிதத் துண்டின்மேல் பரப்பி, மேலேயும் காகிதம் வைத்து அழுத்தி ஈரத்தை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மாவு ஊறிப் பிரிந்துவிடும்.

இனிப்பு என்றால் பம்ப்கின் பை பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1950ஆம் ஆண்டு முதல் லிப்பீஸ் டின்னின் சீட்டிலேயே அச்சாகி வரும் செய்முறை அது: ஒரு 15 அவுன்ஸ் டின், முக்கால் கப் சர்க்கரை, இரண்டு முட்டை, 12 அவுன்ஸ் எவாப்பரேட்டட் மில்க், பட்டைத்தூள் ஒரு தேக்கரண்டி, உப்பும் சுக்குத்தூளும் அரை அரைத் தேக்கரண்டி, கிராம்புத்தூள் கால் தேக்கரண்டி. 425 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 15 நிமிடம், பிறகு 350 டிகிரியில் 40 முதல் 50 நிமிடம் சுட வேண்டும். அளவுகள் திடமானவை, நம்பிச் செய்யலாம். நான் செய்யும் மாற்றங்கள் இரண்டே: சர்க்கரையையும் மசாலாப் பொடிகளையும் விழுதோடு சேர்த்து வாணலியில் வதக்கிய பிறகே பாலையும் முட்டையையும் கலப்பேன், கிராம்பைப் பாதியாகக் குறைத்து ஒரு சிட்டிகை ஏலக்காய் சேர்ப்பேன். எவாப்பரேட்டட் மில்க் என்பது இனிப்பில்லாமல் வற்றவைத்த பால் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அதற்குப் பதிலாகக் கண்டென்ஸ்டு மில்க் ஊற்றினால், சர்க்கரையை முழுவதும் நீக்கினாலொழியத் திகட்டிவிடும். முட்டை சேர்க்காத வீடுகளில், கண்டென்ஸ்டு மில்க்கோடு மூன்று நான்கு மேசைக்கரண்டி சோளமாவு கரைத்து விட்டால் பூரணம் இறுகும். முட்டையின் மென்மை வராது, ஆனாலும் துண்டு போட நிற்கும்.

கேக், மஃபின் ஆகியவற்றில் ஒரு முட்டைக்குக் கால் கப் விழுது என்ற கணக்கில் முட்டைக்கு மாற்றாகவே இதைப் பயன்படுத்தலாம். முட்டையில்லாத கேக் தேடுபவர்களுக்கு இந்த ஒரு பயன் போதும், டின்னின் விலை வசூலாகிவிடும். மொறுமொறுப்பான பிஸ்கட் மட்டும் இதில் எதிர்பார்க்கக் கூடாது; விழுதின் ஈரம் அதைக் கேக் போல மெத்தென்று ஆக்கிவிடும்.

நம் இனிப்புகளில் அல்வாவைவிடக் கேசரிக்கே இது பொருத்தம் என்பது என் தீர்மானம். அல்வாவுக்குத் துருவிய காயின் இழை வேண்டும். மை போன்ற விழுதில் அது கிடைக்காது, முந்திரியையோ பாதாமையோ கொரகொரப்பாகப் பொடித்துச் சேர்த்து ஓரளவுதான் ஈடுசெய்யலாம். கேசரியில் அந்தக் குறையை ரவையே தீர்த்துவிடுகிறது. ஒரு கப் வறுத்த ரவையை ஒன்றரைக் கப் வெந்நீரில் வேகவிட்டு, நெய்யில் வதக்கிய விழுது ஒரு கப், சர்க்கரை முக்கால் கப், மேலும் நெய், முந்திரி, ஏலக்காய் சேர்த்துக் கிளறினால், எந்த வண்ணப்பொடியும் இல்லாமலே நல்ல கேசரி நிறம் வந்துவிடுகிறது. விருந்தினர் வந்த நாளில் காய் நறுக்கும் வேலையில்லாமல் செய்யத்தக்க இனிப்பு இது.

பால் கூட்டு, பரங்கிக்காய்ப் புளிக்குழம்பு, பொரியல், காராமணி போட்ட எரிசேரி ஆகியவற்றுக்கு இந்த டின்னை வாங்கக் கூடாது. குழம்பில் விழுதைக் கரைத்தால் புளியும் காரமும் மழுங்கி, எல்லாம் ஒரே கூழாக நிற்கும். அவற்றுக்குப் பட்டர்நட் காயையோ, மெக்சிகோ நாட்டு மளிகைக் கடைகளில் பெரிய துண்டுகளாக வெட்டி விற்கும் கலபாசா காயையோ வாங்குவதே முறை. பட்டர்நட்டின் தோலைச் சீவுவது கையை வருத்தும் வேலைதான். ஆனாலும் பால் கூட்டில் கடிபடும் ஒரு துண்டுக்காக அந்த வருத்தத்தை ஏற்றுக்கொள்ளலாம். மிஞ்சிய காயை மசித்து வீட்டிலேயே பாட்டிலில் அடைத்து வைக்கலாம் என்று மட்டும் யாரும் எண்ண வேண்டாம். கெட்டியான விழுதின் நடுப்பகுதிக்கு வீட்டுப் பாத்திரத்தில் போதிய வெப்பம் ஏறாது என்பதால், அமெரிக்க வேளாண் துறை அதைப் பாதுகாப்பற்றது என்றே சொல்கிறது. உறைய வைப்பதே வீட்டுக்கு ஏற்ற வழி.

டின் இரண்டு அளவுகளில் வருகிறது: 15 அவுன்ஸ், அதாவது 425 கிராம்; 29 அவுன்ஸ், அதாவது 822 கிராம். சிறிய டின்னில் ஒன்றேமுக்கால் கப் விழுது இருக்கும். ஒரு முறை கேசரியும் பச்சடியும் செய்ய அது போதும். பெரியது எடை கணக்கில் மலிவாகக் கிடைத்தாலும், வீட்டில் நான்கு பேருக்குமேல் இல்லாதவர்களுக்குச் சிறியதையே பரிந்துரைப்பேன். திறந்த டின்னில் மிஞ்சியதைத் தகரத்திலேயே விடாமல் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு நாள் கெடாமல் இருக்கும். அதற்குமேல் வேண்டுமானால், வதக்கி ஆறவைத்த விழுதை ஐஸ் தட்டின் குழிகளில் நிரப்பி உறைய வைத்துவிடலாம். சாம்பாருக்குச் சற்றுக் கெட்டி தேவைப்படும் நாளில் இரண்டு வில்லைகளை எடுத்து நேராகக் கொதியில் போட்டால் கரைந்துவிடும்.