முத்திரை இல்லாத கையெழுத்து: அல்சூரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தின் ஆலோசனை

பெங்களூரு பீனியா தொழிற்பேட்டையில் நானும் என் மைத்துனரும் சேர்ந்து தொடங்கிய சிறிய பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தின் இயக்குநர் பொறுப்பிலிருந்து அவர் 2021இல் விலகி, ஆம்பூருக்கே திரும்பிவிட்டார். நிறுவனத்தின் ஓவர்டிராஃப்ட் கணக்கு (இருப்புக்கு மேல் பணம் எடுத்துக்கொள்ள வங்கி தரும் கடன்) நிலுவைக்காக வங்கி அனுப்பிய நோட்டீஸ் கடந்த மாதம் அவர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தபோது, இருவரும் பதறிப்போய் அல்சூரில் தமிழில் விளக்கிச் சொல்லும் வழக்கறிஞர் ஒருவரிடம் போனோம்.

நிறுவனம் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று மைத்துனர் வங்கிக்கு எழுதிக் கொடுத்திருந்த ஜாமீன் பத்திரத்தின் முதல் மூன்று பக்கங்கள்தான் எங்கள் கையில் இருந்தன. முழு நகலையும் பார்க்காமல் கருத்துச் சொல்ல மாட்டேன் என்று, ஒரு ரூபாயும் வாங்காமல் அந்த அம்மையார் எங்களைத் திருப்பி அனுப்பினார். அவர் மீது எனக்கு நம்பிக்கை பிறந்தது அங்கேதான்.

இரண்டாம் முறை போனபோது, கடன் அனுமதிக் கடிதத்தையும் ஜாமீன் பத்திரத்தையும் மேசையில் அருகருகே விரித்து, மைத்துனரின் இரண்டு கையெழுத்துகளைப் பென்சிலால் சுழித்துக் காட்டினார். ஒன்றின் கீழே நிறுவனத்தின் ரப்பர் முத்திரையும் 'இயக்குநர்' என்ற சொல்லும் இருந்தன. மற்றதன் கீழே அவருடைய பெயரும் வீட்டு முகவரியும் மட்டுமே. "சார், முத்திரை இருக்கிற கையெழுத்து கம்பெனி போட்டது, இல்லாதது நீங்க போட்டது. கம்பெனியை விட்டு விலகினீங்க, இதை விட்டு விலகலையே" என்றார்.

நிறுவனம் தனி ஆள் என்று சட்டம் கருதுவதால் அதன் கடன் பொதுவாக உரிமையாளரின் வீட்டுக்கு வராது. ஆனால் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவின்படி, பத்திரத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம் என்பதால், முதலில் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டுவிட்டுத்தான் வங்கி ஜாமீன்தாரரிடம் வரவேண்டும் என்பதில்லை. ஒரே கடனோடு முடியாமல் அடுத்தடுத்து வாங்கும் கடன்களுக்கும் நீளும் தொடர் ஜாமீனை அதே சட்டத்தின் 130ஆம் பிரிவின்படி நோட்டீஸ் கொடுத்து நிறுத்தலாம் என்றாலும், அதற்குப் பிறகு வாங்கும் கடனுக்கு மட்டுமே அது பொருந்தும். அந்த நோட்டீஸை மைத்துனர் 2021இல் கொடுத்திருக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை. நிறுவனம் நொடித்து, அதன் கடன்களைத் தீர்க்கும் திவால் தீர்வுத் திட்டம் ஒப்புதல் பெற்றாலும் ஜாமீன்தாரர் தானாக விடுபட்டுவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2021 மே மாதம் லலித் குமார் ஜெயின் வழக்கில் தீர்ப்பளித்ததையும் வழக்கறிஞர் எடுத்துச் சொன்னார்.

குறையும் உண்டு. நிறுவனத்திடமிருந்து வசூலிக்க முடியாத ஜிஎஸ்டி பாக்கிக்கு, தம் பங்கில் பெரும் அலட்சியமோ கடமை தவறுதலோ இல்லை என்று நிரூபிக்காத இயக்குநர்களே பொறுப்பு என்பதையும், நிறுவனக் காசோலை திரும்பினால் கையெழுத்திட்டவர் மீது குற்ற வழக்கு வரலாம் என்பதையும் பத்தே நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார். நான் மறுபடி கேட்டுத்தான் புரிந்துகொண்டேன். ஒரு மணி நேரத்துக்கு 2,500 ரூபாய் வாங்கிய பிறகு எழுத்து மூலமான கருத்துக்குத் தனிக் கட்டணம் கேட்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆயினும் மைத்துனரின் ஜாமீனை நிறுத்தும் நோட்டீஸை அன்றே எழுதிக் கொடுத்தார், பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டோம். அடுத்த மாதம் கடன் புதுப்பிப்பு வருகிறது. என் மனைவியையும் ஜாமீன் போடச் சொல்லி வங்கி அனுப்பியிருக்கும் தாள்களை இம்முறை கையெழுத்துக்கு முன்பே அவரிடம் கொண்டுபோகிறேன்.