போனா, புலனமா, மின்னஞ்சலா?

கோலாலம்பூரில் கணக்கு எழுதும் வேலை எனக்கு. ஆட்டிசம் என்று மருத்துவர் சொன்னது 31 வயதில்தான். போன் அடித்தால் எடுக்கமாட்டேன் என்பது மட்டும் சின்ன வயதிலிருந்தே எங்கள் உறவில் எல்லாருக்கும் தெரியும். "திமிர் பிடிச்சவ" என்று சித்தி வாய்விட்டே சொல்லியிருக்கிறார். போன், புலனம் (வாட்ஸ்அப்), மின்னஞ்சல் என்று ஒவ்வொரு வழியும் எனக்கு என்ன செய்கிறது என்பதை அவருக்காகவும்தான் எழுதுகிறேன்.

முதலில் போன். முகமும் உதடும் தெரியாது, குரல் மட்டும். அந்தக் குரலும் முழுசாக வருவதில்லை. சாதாரணத் தொலைபேசித் தடம் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் மேல் ஒலிகள் பல அதற்கு வெளியே நின்றுவிடும். விட்டுப்போனதை மற்றவர்கள் தன்னால் நிரப்பிக்கொள்கிறார்கள். நான் நிரப்பி முடிப்பதற்குள் எதிர்முனை அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கும். நம் ஊரில் மொழியும் சேர்ந்துகொள்ளும். மலாயில் தொடங்கி, பாதியில் ஆங்கிலமாகி, என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு வருவார்கள். ஒவ்வொரு தாவலிலும் எனக்கு ஒரு வாக்கியம் தவறிவிடும்.

போன வருஷம் ஒரு கிளினிக்கிலிருந்து தேதியை மாற்றிச் சொல்ல அழைத்தார்கள். மலாயில் 14 என்றால் ‘எம்பாட் பெலாஸ்’, 16 என்றால் ‘எனாம் பெலாஸ்’. முன்னால் அதே ‘எ’, பின்னால் அதே ‘பெலாஸ்’. நடுவில் இருந்தது என் காதில் விழவில்லை. இரண்டு முறை கேட்டேன். மூன்றாவது முறை கேட்க வாய் வரவில்லை, "ஓகே, ஓகே" என்று வைத்துவிட்டேன். 16ஆம் தேதி அரைநாள் லீவு போட்டு, செந்தூலில் ரயில் ஏறிப் போய் நின்றால், என் முறை 14ஆம் தேதியே முடிந்திருந்தது. எழுதி அனுப்பியிருந்தால் இரண்டே இலக்கம்.

என்னிடம் ஓகேயூ அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கு மலேசிய அரசாங்கம் தரும் அட்டை, இருக்கிறது. கவுண்டரில் நீட்டினால் கொஞ்சம் நிதானமாகப் பேசுவார்கள். போனில் அதை யாரிடம் நீட்டுவது?

இது என் ஒருத்தியின் பிரச்சினை என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். ஃபிலிப்பா ஹோவர்ட், ஃபெலிசிட்டி செட்ஜ்விக் என்ற இரு ஆய்வாளர்கள் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் 245 பேரிடம் விசாரித்து 2021இல் வெளியிட்ட கட்டுரையைப் படித்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. சேவை மையங்களோடு பேச அவர்களும் மின்னஞ்சலைத்தான் மேலே வைத்திருந்தார்கள். போன் பலருக்கும் ஆகவே ஆகாது. நண்பர்கள், குடும்பம் என்று வரும்போது எழுத்தோடு நேர்ப்பேச்சும் அவர்களுக்குப் பிடித்திருந்தது. நானும் அப்படியே. எதிரில் உட்கார்ந்தால் மணிக்கணக்காகப் பேசுவேன்.

வங்கி, கிளினிக், அரசாங்க அலுவலகம் எல்லாவற்றுக்கும் என் ஓட்டு மின்னஞ்சலுக்கு. ராத்திரி பதினொரு மணிக்கு மலாயில் எழுதி, காலையில் ஒருமுறை படித்துத் திருத்தி அனுப்பலாம். யார் என்ன சொன்னார்கள் என்பது அப்படியே இருக்கும். பதில் வர நாளாகும், சில இடங்களில் வராமலே போகும். அப்போது நேரிலேயே போய்விடுகிறேன்.

புலனம் நடுவில் நிற்கிறது. அலுவலகத்தில் மிக உதவி: "இந்த இன்வாய்ஸில் 240 வெள்ளி இடிக்கிறது" என்று படத்தோடு அனுப்பினால் வேலை முடிந்தது. உறவுக்காரர்களிடம்தான் கவனமாக இருக்கவேண்டும். நீல டிக் விழுந்தும் பதில் வராவிட்டால் மரியாதைக் குறைவு என்கிறார்கள், அதை அணைத்துவிட்டேன். "சரி" என்று மட்டும் எழுதினால் கோபம் என்று சித்தி எடுத்துக்கொள்கிறார். இப்போது "சரிங்க சித்தி, ஞாயிறு வந்துடறேன்" என்று முழுசாக எழுதுகிறேன். அந்த நான்கு சொல்லில் அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

குரல்பதிவை அம்மாவுக்காகக் கற்றுக்கொண்டேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர், நன்றாக வாசிப்பார், தட்டத்தான் வராது. அவர் பேசி அனுப்புவார். நான் நிறுத்தி நிறுத்தி மூன்று முறை கேட்டுவிட்டு எழுதி அனுப்புவேன். நடுவில் வரும் அவருடைய பெருமூச்சுகூட எனக்கு முழுசாகக் கேட்கிறது. போனில் ஒருநாளும் கேட்டதில்லை.

போனுக்கே உரிய இடமும் உண்டு. சாவுச் செய்தியை எங்கள் வீட்டில் யாரும் எழுத்தில் அனுப்பமாட்டார்கள், அனுப்பவும் கூடாது. கல்யாணப் பத்திரிகையைப் புலனத்தில் தட்டிவிட்டால் அழைத்ததாகுமா என்று மாமா கேட்பதும் நியாயம். தம்பி கல்யாணத்துக்கு நானே வீடு வீடாகப் போய்ப் பத்திரிகை வைத்தேன். ஆபத்து என்றால் 999க்கு அழைத்தாக வேண்டும். வீட்டு முகவரி, எத்தனையாவது மாடி, அப்பாவின் மருந்துகள் எல்லாவற்றையும் மலாயில் எழுதிக் குளிர்பெட்டியின் மேல் ஒட்டிவைத்திருக்கிறேன். குரல் அடைத்துக்கொண்டாலும் பார்த்துப் படிக்கலாம்.

மற்றபடி, புதிதாக என் நம்பரை வாங்குகிறவர்களுக்கு முதல் நாளே இதை அனுப்பிவிடுகிறேன். கீழே மலாயிலும் இருக்கும்:

"வணக்கம். எனக்கு ஆட்டிசம் உள்ளது. போனில் சொல்லும் விவரம் எனக்குத் தவறிவிடும். எழுதி அனுப்புங்கள், அன்றைக்கே பதில் தருவேன். அவசரம் என்றால் ‘அவசரம்’ என்று ஒரு சொல் அனுப்பிவிட்டு அழையுங்கள். எடுப்பேன்."