பிரவுசரில் கோடிங்கா, லேப்டாப்பிலேயேவா?

4 ஜிபி ரேம் லேப்டாப்பில் டாக்கரை (புரோகிராம்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) ஓட்டித் தவித்தவர்களுக்கு, பிரவுசரிலேயே கோடு எழுதி ஓட்ட உதவும் கிட்ஹப் கோட்ஸ்பேசஸ் பெரிய நிம்மதி. ரெப்போவில் (கிட்ஹப்பில் உங்கள் கோடு இருக்கும் இடம்) என்னென்ன தேவை என்று சொல்லும் டெவ்கன்டெய்னர் ஃபைலைச் சரியாக எழுதி வைத்தால் நோட், பைத்தான் மாதிரி கருவிகள் எல்லாம் தானாக ஏறிக்கொள்ளும். பாரம் முழுக்க கிட்ஹப் சர்வரில். தனிநபர் கணக்குக்கு மாதம் 120 கோர் மணிநேரம் (மெஷினின் கோர் எண்ணிக்கை × அது ஓடிய மணிநேரம்) இலவசம். கேட்க நிறைய மாதிரி இருக்கும், ஆனால் 2 கோர் மெஷினில் அது 60 மணிநேரம்தான். டேபை மூடியதும் மெஷின் நின்றுவிடாது. வழக்கமாக 30 நிமிடம் சும்மா கிடந்த பிறகே நிற்கும், அதுவும் கணக்கில் ஏறும். வேலை முடிந்ததும் நீங்களே நிறுத்திவிடுங்கள்.

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஃபைபர் இணைப்போடு இருப்பவருக்கு இது போதும். ஏற்காட்டில் மழை நாளில் நெட் விட்டு விட்டு வந்தால்? லேப்டாப்பில் போட்ட விஎஸ் கோட் எடிட்டர் நெட் இல்லாமலும் ஓடும். 8 ஜிபி இருந்தால் மலைக்கு நான் அதைத்தான் எடுத்துப் போவேன்.