மடக்கு டிரெய்லருடன் ஐந்து ஆண்டுகள்: மாற்றியவையும் மாற்றாமல் விட்டவையும்

விலை குறைந்த மடக்கு டிரெய்லரை வாங்கும் பலரைப் போலவே நானும் இடப் பற்றாக்குறையால்தான் அதை வாங்கினேன். 4 அடி அகலமும் 8 அடி நீளமும் கொண்ட தளத்தின் பின்பாதியைத் தூக்கி முன்பாதியின் மேல் கவிழ்த்து, காருடன் இணையும் முன்தண்டை மேலே உயர்த்தி நிமிர்த்திவிட்டால், அடியிலுள்ள, எந்தப் பக்கமும் திரும்பும் நான்கு சிறு காஸ்டர் சக்கரங்களின் மேல் சுவரோரமாக நின்றுகொள்ளும். ஏறத்தாழ இரண்டடி இடம் போதும். ஆயினும் முதல் ஆண்டில் அதை வெளியே எடுத்த தடவைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இழுத்துச் செல்வதில் எந்தக் குறையும் இல்லை. அரை மணி நேர வேலைக்காக அதை விரித்துப் பூட்டவும் திரும்ப மடக்கி வைக்கவும் முக்கால் மணி நேரம் போயிற்று என்பதுதான் குறை. பின்னர் நான் செய்த மாற்றங்களில் உருப்படியானவை எல்லாம் அந்த முக்கால் மணியைக் குறைத்தவையே.

முதலில் கை வைத்தது பூட்டு போல்ட்டுகளில். விரித்த தளத்தின் இரு பாதிகளையும் பக்கத்துக்கு இரண்டாக நான்கு போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு ஸ்பேனர், கீழே ஒரு ஸ்பேனர் வேண்டும். இருட்டில் ஒரு நட்டு புல்லுக்குள் விழுந்தால் அன்றைய மடக்கல் அத்தோடு நின்றுவிடும். அவற்றுக்குப் பதிலாக ஆர் வடிவக் கிளிப் போடும் எஃகுப் பின்களைப் பொருத்தினேன். ஓட்டையைவிட ஒரு மில்லிமீட்டர் மெலிந்த பின்களை முதலில் வாங்கியது என் தவறு. சுமை இல்லாமல் ஓடும்போது தகர டப்பாவை உருட்டியது போல வழியெல்லாம் சத்தம் வந்ததுடன், சில மாதங்களில் ஓட்டையும் நீள்வட்டமாகத் தேயத் தொடங்கியது. பிறகு ஓட்டைகளைச் சீராகத் துளைத்து, அவற்றுக்குச் சரியாக அமையும் தடிமனில் பின்களை மாற்றி, ஒவ்வொன்றையும் மெல்லிய கம்பிக் கயிற்றால் சட்டத்துடன் கட்டிவிட்டேன். இன்றுவரை ஒரு பின் கூடத் தொலையவில்லை.

காஸ்டர் சக்கரங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உடன் வந்தவை 75 மி.மீ. விட்டமுள்ள கடின பிளாஸ்டிக் சக்கரங்கள். தரையில் ஒரு சிறு விரிசலில் அவற்றில் ஒன்று மாட்டினால் கூட நிமிர்ந்து நிற்கும் அவ்வளவு இரும்பும் நம் பக்கம் சாயும். ஒருமுறை முழங்காலில் பட்ட அடி ஒரு வாரம் வலித்தது. 125 மி.மீ. ரப்பர் சக்கரங்களை, இரண்டில் பிரேக்குடன், தடித்த தகட்டின் மேல் பொருத்திய பிறகு ஒரு கையால் தள்ளி ஓரமாக நிறுத்த முடிகிறது. ஆனால் நான் கணக்கில் எடுக்காத ஒன்று, நிமிர்ந்த நிலையில் மொத்த உயரமும் 5 செ.மீ. கூடிவிடும் என்பது. முதல் நாளே கப்ளரின், அதாவது காருடன் கோக்கும் கொண்டியின், முனை கதவின் மேற்சட்டத்தை உரசப் பார்த்தது. நல்ல வேளையாக, அரை அங்குல இடைவெளியில் தப்பித்தேன். வாங்கும் முன்பே நிலைவாசலின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். நிமிர்ந்த டிரெய்லரின் எடை மேலே கூடியிருப்பதால், சுவரில் ஒரு கொக்கியடித்துச் சங்கிலியால் கட்டிவைப்பதும் கட்டாயம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அதைச் சொல்லவே வேண்டியதில்லை.

இதே உயரக் கணக்கால்தான் முன்தண்டை நீட்டும் யோசனையைக் கைவிட்டேன். குட்டையான டிரெய்லரைப் பின்னோக்கி ஓட்டுவது சிரமம். ஸ்டீயரிங்கைச் சிறிது திருப்பினாலும் அது சட்டென மடங்கிக் காரின் பக்கம் பாய்ந்துவிடும். தண்டை நீட்டினால் அந்தத் துள்ளல் தணியும் என்பது உண்மை. ஆனால் நிமிர்த்தி வைக்க இயலாத மடக்கு டிரெய்லரால் எனக்குப் பயனில்லை. அதனால் கழற்றிக் கையால் தள்ளி நிறுத்தவே பழகிக்கொண்டேன். முன்தண்டில் சக்கரமுள்ள ஜாக் ஒன்றைப் பொருத்தியது அதற்குப் பெரிதும் உதவுகிறது.

தளத்துக்கு 18 மி.மீ. பிளைவுட்டை இரண்டு துண்டுகளாக வெட்டிப் போட்டேன். என் டிரெய்லரில் கீலின் அச்சு சட்டத்தைவிடச் சற்று உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்குள் பலகை அடங்கினால்தான் இரு பாதிகளும் புத்தகத்தைப் போல மூடும். பலகை அடங்கியது, போல்ட் தலைகள் அடங்கவில்லை. எதிரெதிரே இருந்த தலைகள் ஒன்றையொன்று முட்டி, மடக்கிய டிரெய்லர் வாய் பிளந்தபடி நின்றது. அத்தனை போல்ட்டுகளையும் கழற்றி, தலை பலகைக்குள் அமிழும் வகையை மாற்றிப் போட ஒரு முழு நாள் போயிற்று. சுமை கட்டும் வளையங்களையும் பலகையில் மட்டும் திருகாமல், அதை ஊடுருவிச் சட்டத்துடன் சேரும்படி முடுக்குவதே நல்லது. இழுபட்டால் பலகை பிய்ந்துவிடும், இரும்பு பிய்யாது.

மின்விளக்குகள் முதல் இரண்டு ஆண்டுகள் என்னைப் படுத்தி எடுத்தன. இடது இண்டிகேட்டரைப் போட்டால் பின்விளக்குகளும் அதோடு சேர்ந்து மங்கி மங்கி எரிந்தன. பல்பை மாற்றினேன், பிளக்கை மாற்றினேன், பயனில்லை. எர்த் இணைப்பு சட்டத்தின் வழியாகவே சென்றதுதான் காரணம் என்பது தாமதமாகத்தான் புரிந்தது. பெயின்ட் பூசிய போல்ட்டுகளையும் துருப்பிடித்த கீலையும் தாண்டி மின்சாரம் திரும்ப வேண்டியிருந்ததால், வழி கிடைக்காமல் அடுத்த விளக்கினூடே திரும்பியிருக்கிறது. ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் இழுத்து, எல்இடி விளக்குகளையும் போட்ட பிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது. கீல் இருக்குமிடத்தில் மட்டும் வயரைத் தளர்வாக ஒரு வளையம் விட்டு, பிளாஸ்டிக் குழாய்க்குள் செலுத்துங்கள். முதல் முறை இறுக்கமாக இழுத்திருந்ததால், மடக்கியபோது கீலே அதை நறுக்கிவிட்டது.

பேரிங் விஷயத்தில் மட்டும் சோம்பலுக்கு இடம் கொடுக்கக் கூடாது. 12 அங்குல ரிம்மில் அமைந்த என் சிறு சக்கரங்கள் அதே தூரத்தைக் கடக்கக் காரின் சக்கரங்களைவிட அதிகமாகச் சுழல வேண்டியிருப்பதால், பேரிங்குக்கும் கூடுதல் உழைப்பு. டிரெய்லருடன் வந்த கிரீஸை நம்பாமல், கழற்றித் துடைத்து, உருளைகளுக்கிடையே புது கிரீஸை அழுத்தி நிரப்பிய பின்பே ஓட்டத் தொடங்கினேன். இப்போதும் அரை மணி நேரப் பயணத்துக்குப் பின் எங்காவது நிறுத்தினால், முதலில் பேரிங் இருக்கும் சக்கர நடுப்பகுதிகளான இரு ஹப்புகளின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பேன்; ஒரு பக்கம் மட்டும் சூடேறியிருந்தால் அதைக் கவனிக்காமல் வண்டியை மேலே எடுப்பதில்லை.

வீணாய்ப்போன மாற்றம் ஒன்றும் உண்டு. ஆசையாகச் செய்த மூன்றடி உயர மரத் தடுப்புகளை இதுவரை இரண்டு முறைதான் மாட்டியிருக்கிறேன். டிரெய்லரின் மொத்த எடை வரம்பில் அதன் சொந்த எடையும் அடக்கம் என்பதால், பலகையும் தடுப்பும் கூடக் கூட நாம் ஏற்றக்கூடிய சுமை அந்த அளவுக்குக் குறைந்துகொண்டே வரும். தவிர, உயரமான தடுப்பு இருந்தால் அது நிரம்பும்வரை ஏற்றத்தான் மனம் சொல்லும். இப்போது ஓரடி உயரத் தடுப்பே போதுமாக இருக்கிறது. சுமையைச் சற்று முன்தள்ளி அடுக்கி, மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கப்ளரின் மேல் இறங்கும்படி பார்த்துக்கொண்டால், டிரெய்லர் வாலாட்டாமல் பின்தொடர்கிறது.

தற்போது வெளியே எடுத்து, விரித்து, காரில் மாட்டி, விளக்குகளைச் சரிபார்க்க எட்டு நிமிடம் ஆகிறது. மடக்கி வைக்கவும் ஏறக்குறைய அதே நேரம்தான். மீதமிருப்பது வலது மட்கார்டு. அதிர்விலேயே அதன் தாங்கி இரண்டு முறை விரிசல் விட்டுவிட்டது. இரண்டாவது முறை பற்றவைத்த இடத்துக்கு அருகிலேயே இப்போது இன்னொரு கீறல் தெரிகிறது.