முள்மரம் கத்தரிக்க வெல்டிங் தோல் கையுறை: பாவித்த பின் ஒரு மதிப்பீடு

வெல்டிங் வேலைக்கென விற்கப்படும் நீண்ட தோல் கையுறையை முள்மரங்களைக் கத்தரிப்பதற்கு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு எனது பதில், தோலைப் பார்த்து வாங்கினால் கொடுத்த காசுக்கு மோசமில்லை என்பதே. கொழும்பின் பெரிய அங்காடிகளில் பூப்போட்ட அட்டையில் தொங்கும் தோட்டக் கையுறைகளைவிட அது முள்ளை நன்றாகவே தடுக்கிறது. ஆனால், இதை மாட்டினால் முள்ளே தைக்காது என்று விற்பவர் சொல்வதை அப்படியே நம்பிவிடக் கூடாது. முள் தைப்பதைக் கையுறை குறைக்கும். தைத்த முள் உள்ளே கொண்டு சேர்க்கும் கிருமியை அது ஒன்றும் செய்யாது. இரண்டையும் பிரித்துப் பார்த்தே இந்தப் பொருளை மதிப்பிட வேண்டும்.

தெகிவளையில் எங்கள் வளவின் பின்மதிலோரம் ஒரு முதிர்ந்த தேசி மரமும், அயல்வீட்டுக்குள் சாயும் போகன்வில்லாவும், ஒரு மாதுளையும் நிற்கின்றன. மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடிப்பதற்கு முன்னர் அவற்றைக் குறைத்துவிடுவது எங்கள் வழக்கம். அந்த வேலைக்காகத்தான் பழைய சோனகத் தெருவின் ஹார்ட்வெயார் கடைகளில் தேடி, 14 அங்குல நீளமான ஒரு சோடி வாங்கினோம். விலை, ரப்பர் புள்ளி வைத்த சாதாரண நூல் கையுறையின் விலையைப் போலப் பல மடங்கு. ஆயினும் நூல் கையுறை முள்ளுக்கு முன்னால் கையுறையே அல்ல. அதன் பின்னலுக்கு இடையால் தேசி முள் தடையின்றி நுழையும். உள்ளங்கையில் மட்டும் ரப்பர் பூசிய கையுறை போகன்வில்லாவின் சிறு முட்களை ஓரளவு தாங்கும். முதிர்ந்த தேசிக் கிளையின் முள்ளை அது தாங்காது.

கடையில் முதலில் பார்க்க வேண்டியது தோலின் வகை. மலிவான வெல்டிங் கையுறைகள் பெரும்பாலும் 'ஸ்ப்ளிட்' எனப்படும், இரு பக்கமும் சொரசொரப்பான உட்பகுதித் தோலில் தைக்கப்பட்டவை. வெப்பத்துக்கும் தீப்பொறிக்கும் அது போதும். முள்ளுக்கு, வழவழப்பான மேற்பக்கத் தோலே நல்லது. அந்தப் படையில் நார்கள் நெருக்கமாக இருப்பதால் கூரிய முனை எளிதில் வழி கண்டுகொள்ளாது. ஆட்டுத்தோல் மெல்லியதாக இருந்தாலும் நெருக்கமானது. விரல்களும் அதில் நன்றாக மடங்கும். வெல்டிங் கையுறைகளுக்கான ஐரோப்பியத் தரமான ஈ.என். 12477இல் ஏ, பீ என இரு வகைகள் உண்டு. ஏ வகை தடித்தது, பீ வகை விரல் வேலைக்கு இசைவானது. கத்தரிக்கோல் பிடிப்பவருக்கு பீ வகையே தோதானது.

கையுறையின் புறங்கைப் பக்கத்தில் சுத்தியல் படமும் அதன் கீழே நான்கு இலக்கங்களும் அச்சிடப்பட்டிருந்தால் அது ஈ.என். 388 தரக் குறியீடு. உராய்வு, வெட்டு, கிழிவு, துளைத்தல் என்ற ஒழுங்கில் அவை வரும். முள்ளைப் பற்றிக் கவலைப்படுபவர் நான்காவது இலக்கத்தைப் பார்க்க வேண்டும். அதில் 4 என்பதே உச்சம், அதைப் பெறுவதற்குத் துளைக்கும் விசை 150 நியூட்டனைத் தாண்ட வேண்டும். கேட்பதற்குப் பெரிய எண்தான். ஆனால் அந்தச் சோதனையில் பாவிக்கப்படுவது ஊசிமுனையைவிடப் பன்மடங்கு தடித்த உருக்குக் கோல். அது ஆணிக்கும் கம்பி முனைக்கும் ஓரளவு பொருந்தலாம். தேசி முள்ளின் முனைக்குப் பொருந்தாது. ஆகவே 4 என்ற இலக்கத்தை முள்ளுக்கான உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள முடியாது. 3 உள்ள மேற்பக்கத் தோலையும் 4 உள்ள ஸ்ப்ளிட் தோலையும் அருகருகே வைத்தால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன்.

வேலையில் அது எப்படி நடந்துகொண்டது என்பதற்கு வருகிறேன். போகன்வில்லாவில் குறை சொல்ல இடமில்லை. வெட்டிய கொடிகளை அள்ளிக் கட்டும்போது முன்கை முழுவதும் கீறல் விழுவதுதான் அந்தச் செடியின் வழமையான தொல்லை. கையுறையின் நீண்ட கைப்பட்டி அதை ஏறக்குறைய முற்றாக நிறுத்திவிட்டது. தேசி மரத்தில் நிலைமை வேறு. அதன் முள் குட்டையாக, நேராக, இரும்பு போல நிற்பது. கிளையை இறுகப் பிடித்து இழுக்கும்போது உள்ளங்கைத் தோல் தாங்கியது; பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தையல் ஓடும் இடம் தாங்கவில்லை. தையல் துளைகள் முள்ளுக்குத் தயாரான வழி. அந்த இடத்தில் மேலதிகத் தோல் துண்டு வைத்துத் தைத்த கையுறைகளும் கடையில் உண்டு. தேடி வாங்குவது நல்லது.

இன்னொரு குறையை விளம்பரம் எதிலும் காண முடியாது. தோலில் ஏறிய முள் சில வேளை அங்கேயே முறிந்து நிற்கும். வெளியே தடவிப் பார்த்தால் ஒன்றும் தட்டுப்படாது. முனை மட்டும் உட்புறத்தில் மயிரளவு நீட்டிக்கொண்டிருக்கும். அடுத்த முறை கையை நுழைத்துக் கிளையைப் பிடித்தவுடன், பழைய முள் உள்ளிருந்து குத்தும். வெல்டிங் கையுறையை உட்புறம் வெளியே திருப்புவது இலேசான காரியமல்ல. எங்கள் வளவில் கிளை வெட்ட வரும் அண்ணன், பழைய துணியைச் சுற்றிய தடியொன்றை ஒவ்வொரு விரலுக்குள்ளும் விட்டுச் சுழற்றி எடுப்பார். முள் இருந்தால் துணி மாட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் செய்ய வேண்டிய முதல் சுத்திகரிப்பு இதுதான்.

அவருடைய முறைப்பாடும் நியாயமானது. "தோல மாட்டிக்கிட்டா கத்தரி கையில இருக்கான்னே தெரியலம்மா" என்று சொல்லி, சிறு கிளைகளுக்குப் போகும்போது கையுறையைக் கழற்றிவிடுவார். முள் தைப்பதும் அப்போதுதான். ஏணியில் நிற்பவருக்குப் பிடி தெரியாத கை, அவர் விழுந்து எலும்பு முறிவதற்கும் காரணமாகலாம் என்பதால், போட்டே ஆக வேண்டும் என்று கீழே நின்று கட்டளையிடுவதும் சரியல்ல. ஏணியில் மெல்லிய ஆட்டுத்தோல், கீழே கிளைகளைத் துண்டாக்கிக் கட்டுவதற்குத் தடித்த தோல் என்று இரு சோடிகள் வைத்திருப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். மோட்டார் வாளுக்கு இது பாதுகாப்பு அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கெனத் தனிக் கையுறைகள் உள்ளன.

சிறு முள்ளுக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று கேட்பவர்கள் உண்டு. வெட்டுக்காயம் இரத்தம் வடிந்து தன்னை ஓரளவு கழுவிக்கொள்ளும்; முள் குத்திய துளை தோலின் மேல் கடுகளவாக மூடிக்கொண்டு, மண்ணையும் மரப்பட்டைத் துகளையும் ஆழத்தில் அடைத்து வைக்கும். காற்றுப் புகாத அந்த ஆழம்தான் ஏற்புவலியை உண்டாக்கும் குளொஸ்ட்ரிடியம் டெட்டனி கிருமிக்கு வேண்டிய இடம். அதன் வித்துகள் மண்ணிலும் புழுதியிலும் சாணத்திலும் இருப்பவை. அறிகுறி பொதுவாக 3 முதல் 21 நாட்களுக்குள் தாடை இறுக்கத்தோடு தொடங்கும். தடுப்பூசித் தொடரை முழுமையாகப் பெற்றவருக்கு, இப்படியான அழுக்கேறிய துளைக்காயத்தின்போது கடைசி ஊசிக்கு 5 ஆண்டுகள் கடந்திருந்தால் இன்னொன்று போட வேண்டும்; காயமே இல்லாவிட்டாலும் 10 ஆண்டுகளுக்கு ஒரு முறை. நம் நாட்டில் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் ஏற்பு ஊசி கிடைத்துவிடுகிறது. மரத்தில் ஏறும் ஆண்களில் பலருக்குக் கடைசி ஊசி பாடசாலையில் போட்டதாகத்தான் இருக்கும். வேலைக்கு ஆள் பிடிக்கும்போது கூலியைப் பேசுவதோடு இதையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நன்று.

ஒரு நாளிலோ இரண்டு நாளிலோ சிவந்து, சூடேறி, சீழ் பிடிப்பது வழமையான பாக்டீரியாத் தொற்று. காயத்திலிருந்து கையின் மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஓடினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இதை எவரும் கவனித்துவிடுவார்கள். தவறவிடப்படுவது மெல்ல வரும் தொற்றுகள். ஸ்போரோத்ரிக்ஸ் என்ற பூஞ்சை ரோசா முள்ளிலும் வைக்கோலிலும், ஓர்கிட் வளர்ப்போர் பாவிக்கும் பாசியிலும் இருக்கக்கூடியது. முள் குத்திய இடம் ஆறி மறந்த பின்னர், ஒன்று முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள், அங்கே நோகாத ஒரு கட்டி எழும்பும். பிறகு முன்கை வழியே வரிசையாக வேறு கட்டிகள் தோன்றும். சாதாரண அன்டிபயோட்டிக் மாத்திரை இதற்குப் பிடிக்காது. பூஞ்சைக்கான மருந்தை மாதக்கணக்கில் எடுக்க வேண்டும். தோலில் கரணைகள் போல வளரும் குரோமோபிளாஸ்டோமைகோசிஸ் என்ற பூஞ்சை நோயும் இலங்கையில் காணப்படுவதுதான். அதுவும் முள்ளாலும் மரச்சிராயாலும் உள்ளே போவது. கட்டி எழும்பும் வேளையில் கிளை வெட்டியவர் வேறு நாலு வீட்டு வேலையை முடித்திருப்பார்; இரண்டையும் அவர் சேர்த்துப் பார்க்க மாட்டார். முள் தைத்த திகதியையும் மரத்தின் பெயரையும் கைபேசியில் குறித்து வைத்திருந்தால், மருத்துவர் கேட்கும்போது அந்த ஒரு வரி பெரிய உதவி.

விரல் மூட்டுகளைப் பற்றித் தனியாகச் சொல்வதற்குக் காரணம், இந்தக் கையுறையின் பலவீனமான இடம் சரியாக அங்கே இருப்பதுதான். உள்ளங்கைக்கு நல்ல தோல் வைத்து, புறங்கைக்கு மெல்லிய ஸ்ப்ளிட்டோ துணியோ வைத்துக் காசு மிச்சம் பிடிக்கும் தயாரிப்புகள் பல. விரல் மூட்டுகள் புறங்கைப் பக்கம் தோலுக்குச் சற்றுக் கீழேயே இருப்பதால், அங்கே குத்தும் முள் எளிதில் மூட்டுக்குள் போய்விடும். முனை முறிந்து உள்ளே தங்கினால் மூட்டு வீங்கி, தணிந்து, வாரங்கள் கழித்து மீண்டும் வீங்கும். ஈச்சை, பேரீச்சை முட்களால் இப்படி வருவது மருத்துவர்கள் நன்கறிந்த விடயம்; செடிகளில் வாழும் பன்டோயா அக்ளோமெரன்ஸ் என்ற பாக்டீரியா இத்தகைய மூட்டுகளிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. முள் எக்ஸ்ரேயில் பொதுவாகத் தெரியாது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று ஆறுதலடைந்து வீடு திரும்புபவர், அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன் செய்யலாமா என்று கேட்பதே முறை. ஆகவே வாங்கும்போது கையுறையைத் திருப்பி, விரல் மூட்டு வரும் இடத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள்.

மழைக்காலத்துக்கென்று ஒரு எச்சரிக்கை. மெலியோய்டோசிஸ் நோயை உண்டாக்கும் பாக்டீரியா ஈர மண்ணிலும் நீரிலும் வாழ்வது. இலங்கையில் பரவலாக உள்ளது. தோற்காயம் வழியாகவும் உட்புகும். நீரிழிவு உள்ளவர்களையே அது அதிகம் தாக்குகிறது. சேற்றில் ஊறிய கையுறையைக் குவியலாகப் போட்டு வைத்து மறுநாள் புண்ணோடு அதற்குள் கையை விடுவது நல்லதல்ல. தோலைச் சவர்க்காரத்தில் ஊறவைக்கவும் முடியாது, கடும் வெயிலில் போட்டால் விறைத்துப்போகும். ஈரத்துணியால் துடைத்து, விரல்கள் கீழ்நோக்கத் தொங்கவிட்டு நிழலில் உலர்த்துவதே வழி. கொழும்பின் ஈரக்காற்றில் அப்படியும் பூஞ்சணம் பிடிக்கிறது. இது இந்தப் பொருளின் உண்மையான குறை, நூல் கையுறையானால் துவைத்துவிடலாம்.

முள் தைத்துவிட்டால் ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவி, நுனி வெளியே தெரியுமானால் சுத்தமான இடுக்கியால் அது நுழைந்த கோணத்திலேயே வெளியே இழுக்க வேண்டும். முள்ளை முள்ளால் எடுக்கும் பழக்கம் இன்னும் பல வளவுகளில் இருக்கிறது. இரண்டாவது முள்ளும் அதே மரத்தின் மண்ணைத்தான் கொண்டுவரும். சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும் வேண்டாம். முள் ஆழமாக இருந்தால், மூட்டருகே என்றால், நீரிழிவு இருந்தால், தோண்டாமல் வைத்தியசாலைக்குப் போவதே சரி. கண்ணில் முள்ளோ இலையோ உரசியிருந்தால் பாமசியில் கேட்டு வாங்கும் துளி மருந்து எதையும் போடாமல், நேரே கண் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தாவரப் பொருளால் ஏற்படும் கருவிழிக் காயத்தில் பூஞ்சை பற்றலாம், ஸ்டீரோயிட் கலந்த துளி அதை மோசமாக்கும். கையுறைக்குக் காசு செலவழிப்பவர் அதே கடையில் மலிவாகக் கிடைக்கும் பாதுகாப்புக் கண்ணாடியையும் எடுத்துக்கொள்ளலாம். காலுக்குச் செருப்பு போதாது. அடி தடித்த சப்பாத்து வேண்டும்.

நாங்கள் வாங்கிய சோடி உள்ளங்கையில் இன்னும் உறுதியாக இருக்கிறது. பெருவிரல் தையல் மட்டும் நெகிழ்ந்ததால் மேலே தோல் துண்டு வைத்துச் செருப்புத் தைப்பவரிடம் தைத்தெடுத்தோம். ஏணி வேலைக்கு ஆட்டுத்தோல் சோடி ஒன்றையும் சேர்த்திருக்கிறோம். அளவில்தான் சிக்கல்: கடைகளில் பெரும்பாலும் 10ஆம் இலக்கமே கிடைக்கிறது, சிறிய கை உள்ளவர்களுக்கு விரல் நுனியில் வெற்றிடம் விட்டுக் கத்தரிக்கோல் வழுக்கும். 8 அல்லது 9 வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி எடுப்பிக்க வேண்டும். போட்டுப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.