சீனப் பெருஞ்சுவரில் நடக்க மூதியன்யூவா, ஜின்ஷான்லிங்கா?

பெய்ஜிங் போகிறவர்கள் பெருஞ்சுவருக்கு ஒதுக்குவது பெரும்பாலும் ஒரு நாள்தான். மிங் அரச காலத்துச் சுவர் மட்டுமே 8,850 கிலோமீட்டர் என்று 2009-இல் அளந்து சொன்னார்கள். அதில் நம் கால் படப்போவது பத்து கிலோமீட்டர்கூட இருக்காது. அந்தக் கொஞ்ச தூரத்தை எங்கே நடப்பது என்பதுதான் கேள்வி.

பாதாலிங் பகுதியை முதலிலேயே விட்டுவிடலாம். 1957-இலேயே பொதுமக்களுக்குத் திறந்த இடம், ரயிலிலேயே போய் இறங்கலாம். ஆனால் விடுமுறை நாளில் நின்று மூச்சு வாங்கக்கூட இடம் கிடைக்காது.

மூதியன்யூ பகுதி பெய்ஜிங் நகரத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். சுவர் நன்றாகச் செப்பனிடப்பட்டிருக்கிறது, இருபுறமும் அடர்ந்த காடு. கேபிள் கார் சுவரின் 14-ஆம் காவல் கோபுரத்தருகே இறக்கிவிடும். அங்கிருந்து 6-ஆம் கோபுரம் நோக்கி நடந்தால் பாதை சுலபம், அப்புறம் சறுக்குவண்டியில் கீழே வந்துவிடலாம். வயதானவர்களோடும் குழந்தைகளோடும் போனால் யோசிக்கவே வேண்டாம், இதுதான். உடம்பு வணங்க நடக்க நினைப்பவர்கள் எதிர்த் திசையில் 20-ஆம் கோபுரம் வரை ஏறலாம். கடைசிப் படிகள் அவ்வளவு செங்குத்து, கை தானாகச் சுவரைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு அப்பால் ஜியான்கோ. இடிந்து சரிந்த, அனுமதியில்லாத பகுதி. படத்தில் அழகாக இருக்கிறது என்று அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஜின்ஷான்லிங் ஹெபெய் மாகாணத்தில் இருக்கிறது. தூரம் கிட்டத்தட்ட இரு மடங்கு, போக மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். என் ஓட்டு இதற்குத்தான். பத்து கிலோமீட்டர் சொச்சம் சுவர், அறுபதுக்கும் மேற்பட்ட கோபுரங்கள். மலை முகடு எப்படி வளைகிறதோ அப்படியே சுவரும் வளைகிறது. ஒரு கோபுரத்தில் நின்றால் அடுத்த ஏழெட்டுக் கோபுரங்கள் வரிசையாகத் தெரியும். அவ்வளவையும் நடந்தே கடக்க வேண்டும் என்று கால்கள் உடனே கணக்குப் போட்டுவிடும். படிகள் ஒரே அளவில் இல்லை. ஒன்று கணுக்கால் உயரம், அடுத்தது முட்டி உயரம். நடையில் ஒரு தாளம் பிடிக்கவே விடாது, தொடை கடுக்கும்.

ஆனால் மூச்சு வாங்க நிற்கும் இடமெல்லாம் பார்க்க ஏதாவது இருக்கிறது. செங்குத்தான ஏற்றங்களில் பாதைக்குக் குறுக்கே குட்டிக் குட்டித் தடுப்புச் சுவர்கள் நிற்கின்றன. எதிரி மேலே ஏறிவிட்டாலும், ஒவ்வொன்றின் பின்னாலும் பதுங்கிப் படிப்படியாகச் சண்டை போட அந்த ஏற்பாடு. செங்கல்லைக் கிட்டத்தில் பாருங்கள். சிலவற்றில் எழுத்து பொறித்திருக்கும். மிங் பேரரசர் வான்லி ஆட்சியின் ஆறாம் ஆண்டு, அதாவது 1578, எந்தப் படைப்பிரிவு செய்தது என்பது உட்பட. நானூறு வருஷத்துக்கு முந்தைய அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தபோது கால்வலி எனக்கு மறந்தே போனது. உள்ளே தங்கக்கூடிய கோபுரங்களைத் தளபதி சீ ஜிகுவாங் கட்ட வைத்ததற்கு முன்னால், காவலர்கள் வெயிலிலும் பனியிலும் வெட்டவெளியில் நின்றார்களாம். கோடையில் இங்கே நடந்து, ஒரு கோபுரத்துக்குள் நுழைந்து அந்த நிழலில் உட்கார்ந்தால் அதன் அருமை புரியும்.

கிழக்கே போகப் போகச் செப்பனிட்ட சுவர் முடிந்து, கைப்பிடிச் சுவர் உதிர்ந்த பழைய சுவர் வந்துவிடும். முன்பெல்லாம் அப்படியே அடுத்த பகுதியான சிமாத்தாய் வரை நடந்தார்கள், இப்போது அந்த வழி இல்லை.

நாலு மணி நேரம் நடக்கத் தெம்பு இருந்தால் ஜின்ஷான்லிங், இல்லையென்றால் மூதியன்யூ. ஏற்றத்தில் மூச்சுதான் போகும், இறக்கத்தில்தான் முட்டி போகும். பிடிமானமுள்ள ஷூவும் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் கட்டாயம். ஜின்ஷான்லிங்கில் மேற்கிலிருந்து கிழக்கே நடப்பதானால் வண்டியைக் கிழக்கு வாசலுக்கு வரச் சொல்லிவிடுங்கள். ஏறிய இடத்துக்கே திரும்பி நடக்க அப்போது கால் ஒத்துழைக்காது.