எஸ்.பி. ரோட்டு இரண்டாம் மாடியில் என் நான்கு டிஸ்க்குகள்

எங்கள் தொழிலில் கம்ப்யூட்டரைக் கழற்றிப் போட ஆடி மாதத்தை விட்டால் வேறு நாள் கிடையாது. பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் இருபத்தி இரண்டு வருடமாக டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கிரகப்பிரவேசம், கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் தமிழிலும் கன்னடத்திலும் அடிப்போம். ஆடியில் முகூர்த்தம் இல்லை, ஈ ஓட்டலாம். 2025 ஆடியில் அந்த ஈயை அதன் பாட்டுக்கு விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். தை முகூர்த்தம் முடிந்து இப்போதுதான் எழுத நேரம் கிடைக்கிறது. வாங்கி வந்த அன்றே ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஒரு சீசன் ஓடட்டும் என்றுதான் காத்திருந்தேன்.

கடையின் பெயரைக் கேட்காதீர்கள். ஓனரும் ஒரு பையனும்தான், கூட்டம் வந்தால் தாங்காது, பெயர் போட வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். ஓனர் கன்னடக்காரர், விலை பேசுவதோடு சரி. வேலை முழுக்கப் பையன் கையில். வாணியம்பாடிப் பக்கம், என்னை "அக்கா" என்று கூப்பிட்டான். இந்த விமர்சனம் அவனைப் பற்றியதுதான்.

என் பெட்டியில் விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு சிஸ்டம். பழைய வேலையெல்லாம் பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் இருக்கிறது. அது வந்தது 2001-இல், அதற்கப்புறம் அந்த மென்பொருளுக்குப் புதுப் பதிப்பே வரவில்லை. எழுத்து பாமினி. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறை அதில் கிடையாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த பழைய ஏற்பாடு. அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் ஒரே மாதிரி ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். அதற்காகத்தான் விண்டோஸ். பாங்க், மெயில், ஜி.எஸ்.டி. எல்லாம் மகள் போட்டுக் கொடுத்த உபுண்டு லினக்ஸில். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்துவிட்டதால் அந்தப் பக்கம் இப்போது நெட்டே கிடையாது.

டிஸ்க்குகள் காலாகாலத்துக்கும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தவை. 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யில் (சுழலும் தகடு இல்லாத வேகமான டிஸ்க்) விண்டோஸ். 1 டி.பி. ஹார்ட் டிஸ்க்கில் பாதி உபுண்டு, மீதி என் டி டிரைவ். மூன்றாவது ஒரு பழைய 500 ஜி.பி., அதில் வாடிக்கையாளர்கள் கொடுத்த போட்டோக்கள். அந்த 500-தான் ஃபோல்டரைத் திறக்க அரை நிமிடம் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தது. புதிதாக ஒரு 1 டி.பி. என்.வி.எம்.இ. (மதர்போர்டிலேயே செருகும், இன்னும் வேகமான எஸ்.எஸ்.டி.) வாங்கி, விண்டோஸை அதில் ஏற்றி, உபுண்டுவை எஸ்.எஸ்.டி.க்கு நகர்த்தி, பெரிய ஹார்ட் டிஸ்க்கை வேலைகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, 500-ஐக் கழற்றிவிட வேண்டும். ஒரு பத்திரிகைகூடத் தொலையக் கூடாது. இதுதான் நான் கேட்டது.

ஏன் இவ்வளவு பயம் என்றால், 2016-இல் வீட்டுக்கு வந்து விண்டோஸ் போட்டுக் கொடுத்த ஒருவர் சி என்று நினைத்து டி-யை ஃபார்மட் செய்துவிட்டுப் போனார். யார், எந்தக் கடை என்பதெல்லாம் இப்போது எதற்கு. மூன்று வருட வேலை போனது. "பேக்கப் எடுத்திருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார். அந்த வாக்கியம் இன்னும் காதில் இருக்கிறது.

இந்தப் பையன் முதல் நாள் ஸ்க்ரூவையே தொடவில்லை. பெட்டியை ஆன் செய்து, எந்த டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று அரை மணி நேரம் பார்த்து ஒரு அட்டையில் படம் போட்டான். ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் நம்பரின் கடைசி நான்கு எழுத்துகளையும் பேப்பர் டேப்பில் எழுதி ஒட்டினான். உபுண்டு காட்டும் டிஸ்க் பெயர்கள் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் இடம் மாறலாமாம், சீரியல் நம்பர் மாறாது என்றான். 2016-இல் அந்த மனிதரிடம் ஒரு ரூபாய்க்கு டேப் இருந்திருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு விஷயத்தைக் காட்டினான். என் விண்டோஸ் எஸ்.எஸ்.டி.யில்தான் இருக்கிறது, ஆனால் அதை எழுப்புகிற பூட் ஃபைல்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. முன்பு எஸ்.எஸ்.டி. போட்டவர் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றாமலே விண்டோஸ் ஏற்றியிருக்கிறார். அதில் ஏற்கெனவே பூட் ஃபைல்களுக்கென்று ஒதுக்கிய ஈ.எஃப்.ஐ. பார்ட்டிஷன் என்ற பகுதி இருந்ததால் விண்டோஸ் தன் பூட் ஃபைல்களையும் அதிலேயே போட்டுவிட்டது. "அக்கா, இந்த ஹார்ட் டிஸ்க்கைப் புடுங்கினா ரெண்டு சிஸ்டமும் எழுந்திருக்காது. வீடு இங்க, சாவி பக்கத்து வீட்டுல." இனிமேல் ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் தனி டிஸ்க், அதற்குத் தனி ஈ.எஃப்.ஐ. பார்ட்டிஷன் என்று சொன்னான். ஒன்று செத்தாலும் இன்னொன்று எழும்.

முதலில் தொட்டது 500-ஐ. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் கணக்கில், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் (தகவல் எழுதும் சிறு துண்டுகள்) இருந்தன. விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்பை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினான், சாகக் கிடக்கிற டிஸ்க்கில் அதை ஓட்டினால் இருக்கிற உயிரும் போகும். டிடிரெஸ்க்யூ என்று ஒரு இலவச லினக்ஸ் கருவி. நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைக் குறித்து வைத்து, கடைசியில் திரும்பி வந்து முயன்று பார்க்கும். ராத்திரி முழுக்க ஓடியது. இரண்டு போட்டோ தவிர எல்லாம் வந்துவிட்டது. இரண்டுமே 2014 சீமந்தம், அந்தக் குழந்தை இப்போது ஆறாம் வகுப்பு படிக்கும். யாரும் கேட்டு வரப்போவதில்லை.

பிறகு என் 2 டி.பி. வெளி டிஸ்க்கில் முழு பேக்கப். இங்கேதான் அவன் எனக்குப் பிடித்துப்போனான். நகல் முடிந்ததும் வேலையைத் தொடங்கவில்லை. பேக்கப்பைக் கடையிலிருந்த வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, "நீங்களே பத்து ஃபைல் திறந்து காட்டுங்க, அப்புறம் ஆரம்பிக்கிறேன்" என்றான். திறந்தேன். ஆறாவது ஃபைலில் பேஜ்மேக்கர் ஒரு ஃபான்ட் இல்லை என்றது. என் ஃபான்ட்கள் விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் கிடக்கின்றன, பேக்கப்பில் அதைச் சேர்க்கவே இல்லை! ஃபைல் எல்லாம் பத்திரமாக இருந்து எழுத்து மட்டும் போயிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இப்போது யோசித்தாலும் வயிறு கலங்குகிறது. அதையும் சேர்த்தான்.

அதற்கப்புறம் நடந்தது பெரும்பாலும் காத்திருப்பு. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்தான். அது இருந்தால் நாம் ஷட்-டவுன் செய்வது அரைத் தூக்கம் மாதிரி, லினக்ஸ் பக்கத்திலிருந்து அந்த டிஸ்க்கில் எழுத முடியாது. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருக்கிறதா என்று பார்த்தான், எனக்கு இல்லை. லேப்டாப் கொண்டுபோகிறவர்கள் அந்த 48 இலக்க மீட்புச் சாவியை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு போங்கள். டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் குளோன்சில்லா பென்டிரைவால் விண்டோஸ் பார்ட்டிஷன் என்.வி.எம்.இ.க்குப் போனது. அதில் புது ஈ.எஃப்.ஐ. பார்ட்டிஷன், ஒரு வரிக் கட்டளையில் பூட் ஃபைல்கள். மற்ற டிஸ்க்குகளின் கேபிளை எல்லாம் பிடுங்கிவிட்டுத்தான் ஆன் செய்தான். ஒரே நகல் இரண்டு டிஸ்க்கில் ஒன்றாக மாட்டியிருந்தால் சிஸ்டம் எதை எடுப்பது என்று குழம்புமாம்.

நீலத் திரை வந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அவன் டீயைக்கூடக் கீழே வைக்கவில்லை. பழைய எஸ்.எஸ்.டி. கேபிளில் இணைகிற சாட்டா வகை, புதியது என்.வி.எம்.இ., விண்டோஸுக்குப் புது டிரைவர் பழகவில்லை, ஒரு தடவை சேஃப் மோடில் எழுப்பினால் சரியாகிவிடும் என்றான். ஆனது.

இரண்டாவது அதிர்ச்சி, பெரிய ஹார்ட் டிஸ்க்கை மறுபடி மாட்டியபோது காணவே காணோம். கம்ப்யூட்டர் எழும்போது டிஸ்க்குகளைக் காட்டும் பயாஸிலும் இல்லை. இதற்கு அவனும் கொஞ்சம் முழித்தான், மறைக்கவில்லை. மதர்போர்டு கையேட்டைத் தேடி எடுத்துப் படித்ததில் விடை இருந்தது: என்.வி.எம்.இ. செருகும் எம்.2 இடத்தில் கார்டு போட்டால் ஒரு சாட்டா போர்ட் தானாக அணைந்துவிடும். பல போர்டுகளில் இப்படித்தானாம். கேபிளைப் பக்கத்து போர்ட்டுக்கு மாற்றினான், டிஸ்க் வந்துவிட்டது. வீட்டில் நானே செய்திருந்தால் டிஸ்க் செத்தது என்று அழுதுகொண்டு உட்கார்ந்திருப்பேன்.

டி டிரைவ் டி-யாகவே இருக்க வேண்டும் என்று நான் மட்டும் ஒன்று கேட்டேன். பேஜ்மேக்கரில் படங்கள் எல்லாம் இருக்கும் பாதையோடு இணைந்திருக்கும். எழுத்து மாறினால் ஒவ்வொரு பத்திரிகையிலும் பிள்ளையார் எங்கே என்று கேட்கும். இது அவனுக்குத் தெரியவில்லை, டிரைவ் எழுத்துகளை மாற்றி வைத்துக் கொடுத்தான்.

இனி குறைகள். இரண்டு நாள் என்று சொன்னது நான்கு நாள் ஆனது. நடுவில் ஒரு காரியப் பத்திரிகை வந்தது. பதினாறாம் நாளுக்கு ஆடி, ஆவணி எல்லாம் கிடையாது. மகள் லேப்டாப்பில் லிப்ரே ஆபீஸில் யூனிகோடு போட்டு எப்படியோ அடித்துக் கொடுத்தேன், கறுப்புக் கரை மட்டும் சரியாக வரவில்லை. அதோடு, பழைய எஸ்.எஸ்.டி.யை அன்றே அழித்து உபுண்டுவை ஏற்ற மாட்டேன் என்றான். ஒரு வாரம் புது விண்டோஸை ஓட்டிப் பாருங்கள், பிறகு வாருங்கள், எஸ்.எஸ்.டி.யில் அழித்ததைத் திரும்ப எடுப்பது லேசில்லை என்றான். நியாயம்தான், ஆனால் பெட்டியோடு இன்னொரு ஆட்டோ, இன்னொரு முறை அந்த இரண்டாம் மாடி. படி அவ்வளவு குறுகல், எதிரில் ஆள் வந்தால் ஒருவர் திரும்பி இறங்க வேண்டும்.

இரண்டாவது முறை உபுண்டு நகர்ந்தது. எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் பார்ட்டிஷனின் அடையாள எண்ணான யு.யு.ஐ.டி.யை மாற்றி, எந்த சிஸ்டத்தை எழுப்புவது என்று கேட்கும் கிரப்பைப் புதிதாகப் போட்டான். வீட்டுக்கு வந்து ஆன் செய்தால் கிரப் பட்டியலில் விண்டோஸ் இல்லை. போன் செய்தேன். கிரப் 2.06-இலிருந்து மற்ற சிஸ்டங்களைத் தேடும் வேலை தானாக நடக்காது, ஒரு வரி மாற்ற வேண்டும், மறந்துவிட்டான். மகள் போனிலேயே கேட்டுச் செய்தாள். இன்னொன்று: உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நின்றது. விண்டோஸ் போர்டின் கடிகாரத்தை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது, லினக்ஸ் அதில் உலக நேரத்தை எழுதுகிறது. அதுவும் ஒரு வரியில் தீர்கிற விஷயம். கடையிலேயே செய்து கொடுத்திருக்கலாம். பெட்டியில் இரண்டு ஸ்க்ரூ வேறு குறைந்தது.

கூலி இரண்டு முறைக்கும் சேர்த்து 2,200 ரூபாய் வாங்கினார்கள். என்.வி.எம்.இ. அதே ரோட்டில் வேறு கடையில் நானே பேரம் பேசி வாங்கியது. ஆவணி, ஐப்பசி, தை என்று மூன்று சீசன் ஓடிவிட்டது, ஒரு ஃபைலும் காணாமல் போகவில்லை. பேஜ்மேக்கர் கண் சிமிட்டுவதற்குள் திறக்கிறது. நான்கு நட்சத்திரம், மீதி ஒன்று கடிகாரத்துக்கும் ஸ்க்ரூவுக்கும்.

போகிறவர்களுக்கு: சிக்பேட்டையிலோ கே.ஆர். மார்க்கெட்டிலோ மெட்ரோவில் இறங்கி நடக்கலாம், ஆனால் பெட்டியோடு என்றால் ஆட்டோதான். பதினொரு மணிக்கு மேல் போங்கள், அதற்கு முன் பையன் வருவதில்லை. போவதற்கு முன் உங்கள் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.